திட்டாத பீரியடு

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் 'ஒரு டீச்சர் இப்படியா கத்துவார்' என்று கன்னத்தில் கை வைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் குக்கர். திட்டுவதற்கு முன்னால் என்னிடமிருந்து 'உஷ்' என்று ஒரு சத்தம் வருமாம். அது வந்தால் முதல் பெஞ்சு மொத்தமும் குனிந்துகொள்ளுமாம். இதையெல்லாம் அவர்களேதான் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், அதுவும் ஆங்கிலத்தில். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் கொடுத்ததுதான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை ஆங்கிலத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஏதோ மரியாதை செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எந்த வாத்தியாரும் அந்தப் பீரியடைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்கள், என் தலையில் கட்டினார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் உடம்பு மட்டும்தான் பெஞ்சில் இருக்கும். பை தோளில் ஏறியிருக்கும், கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பாடப் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும், முதல் கொட்டாவி எனக்குத்தான் வரும். சரி, வாயைத் திறந்து பேசவாவது பேசட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தேன். அந்த வாரம் அவரவர் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றை எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்கலாம். கடைசிக் கேள்வி என்னுடையது, ஒன்றே ஒன்று. 'வாரச் செய்தி' என்று பெயரும் வைத்தேன்.

முதலில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், சாப்பிட்டேன், பள்ளிக்கு வந்தேன். அடுத்தவன் எழுந்தான். அவனும் பல் துலக்கினான். வகுப்பில் ஜெராக்ஸ் என்று ஒருத்தன். பக்கத்தில் இருப்பவன் தும்மினால் இவனும் தும்முவான். ஒரு வெள்ளிக்கிழமை முன் பெஞ்சுப் பையன் தன் வீட்டில் தங்கை பிறந்திருக்கிறாள் என்று சொன்னான். அடுத்த வாரம் ஜெராக்ஸ் எழுந்து தன் வீட்டிலும் பிறந்திருக்கிறாள் என்றான். நானும் நம்பி, பள்ளி கேட்டில் அவன் அம்மாவைப் பார்த்து வாழ்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

"எதுக்கு டீச்சர் வாழ்த்து?"

"பொண்ணு பொறந்திருக்காமே!"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கே தெரியாம எப்ப டீச்சர் பொறந்துச்சு?" என்று கேட்டார்.

மறுநாள் வகுப்பில் குக்கர் விசில் அடித்தது. "நாப்பது பேரும் ஒரே வீட்லயா இருக்கீங்க? நாப்பது பேருக்கும் ஒரே பிரஷ்ஷா? ஒரு வாரம் பூரா ஒருத்தர் வீட்லகூட ஒண்ணும் நடக்கலையா? யாரும் சண்டை போடலையா, விழலையா, எதையும் உடைக்கலையா? இனிமே நெஜமா நடந்தத சொல்லுங்க. நீங்களே தப்புப் பண்ணியிருந்தாலும் சரி, இங்கிலீஷ்ல சொன்னா திட்ட மாட்டேன்!"

கோபத்தில் வாய் விட்டால் இப்படித்தான். வாய்க்குப் பூட்டுப் போடாதவள் பிறகு புலம்பி என்ன பயன்? வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், அரை மார்க்குக்கு அரை மணி நேரம் வாதாடுவாள், அதனால் வக்கீல் என்று பெயர். அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், கிளாஸ்ல திட்ட மாட்டீங்க. வெளியில?"

"வெளியிலயும் திட்ட மாட்டேன்."

"ஹெச்.எம். கிட்ட சொல்ல மாட்டீங்களே? வீட்டுக்கு ஃபோன் பண்ண மாட்டீங்களே? வேற நாள்ல அதப் பத்திக் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன். போதுமா?"

"எங்களுக்கும் அதே ரூல்தான மிஸ்? இங்க கேட்டத வெளியில பேசக் கூடாது?"

"ஆமா தாயே, உக்காரு."

அடுத்த நொடி கடைசி பெஞ்சிலிருந்து லாரி எழுந்தான். அவன் குரலால் வந்த பெயர் அது. மெதுவாகப் பேசினாலும் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். அவன் சொன்ன ஆங்கிலத்தை அதன் கிழிசலோடு அப்படியே தமிழில் தருகிறேன்: "கணக்கு சார். அவர் வண்டி. பின் சக்கரம். காற்று போச்சு. அது காற்று தானாகப் போகவில்லை. அது நான்."

எனக்கு உஷ் என்று வந்துவிட்டது. முதல் பெஞ்சு குனிந்துகொண்டது. ஆனால் சொன்ன வாக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்?" என்று என் ஒற்றைக் கேள்வியைக் கேட்டேன். லாரி வியர்க்க வியர்க்க, வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சக்கரம் சுற்றிக் காட்டி, அதற்கு முந்தைய நாள் கணக்கு சார் தன்னை எல்லார் முன்னாலும் மாடு என்று சொன்னதை விளக்கி முடித்தான். வருஷம் பூரா நாலு வாக்கியம் பேசாதவன், அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு ஒருத்தரும் பையைத் தோளில் மாட்டவில்லை. தப்புச் செய்தவனுக்குத்தானே சொல்ல விஷயம் இருக்கிறது? அப்பாவின் சட்டையை இஸ்திரி போடப்போய்க் கருக்கி, பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி போட்ட கதை வந்தது. மாமாவின் பொய்ப்பல்லை ஒளித்து வைத்தவள் வந்தாள். சொல்ல ஒன்றும் இல்லாத நல்ல பிள்ளைகள் பாவம், வியாழக்கிழமை மாலை அவசரமாக ஏதாவது உடைக்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமைக்காகவே செய்த தப்பு செல்லாது என்று வக்கீல் உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ஆங்கிலம்? அது பாட்டுக்கு வந்தது. நான் வருஷக்கணக்காகக் கத்தி வராதது, திட்ட மாட்டேன் என்ற ஒரு சொல்லுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் அவமானமும்தான்.

கணக்கு வாத்தியார் விடுவாரா? ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், என் வண்டியில காத்தப் பிடுங்கினவன் உங்க கிளாஸ்காரன்தான். உங்களுக்குத் தெரியும். பேர மட்டும் சொல்லுங்க."

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"கள்ளனுக்குக் காவலா?"

"வாக்குக் குடுத்துட்டேன் சார். நீங்களும் பசங்கள மாடு, எருமைன்னு சொல்றத நிறுத்திப் பாருங்களேன், காத்து நிக்கும்."

அவ்வளவுதான். மனிதர் விறுவிறுவென்று தலைமையாசிரியர் அறைக்குப் போனார். தலைமையாசிரியர் வரலாறு படித்தவர். ஆங்கிலம் என்றால் அவருக்குக் கொஞ்சம் கிலி. ஆங்கிலக் கடிதம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார், மறுபடி துடைப்பார், கடைசியில் என்னைக் கூப்பிடுவார். என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை உங்க கிளாஸ்ல ஒரே சிரிப்புச் சத்தம்னு புகார். சிரிச்சா எப்படிம்மா படிப்பாங்க? அந்தப் பீரியட கணக்குக்குக் குடுத்துடலாம்னு பாக்குறேன். ஒரு நாள் வந்து உக்காந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அந்தச் சமயத்தில் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த விஷயம் வேறு.

அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் என் மகளும் இருக்கிறாள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறோம். பள்ளிக்குள் என்னை மிஸ் என்பாள், வீட்டு வாசலில் அம்மா என்பாள். சாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. நான் எது சொன்னாலும் "ம்" என்பாள். வாரச் செய்தியில் அவள் முறை வந்தால் எழுந்து, "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அலமாரியைச் சுத்தம் செய்தோம்" என்பாள். அடுத்த முறை, திரைச்சீலையைத் துவைத்தோம். அதற்கடுத்த முறை, மறுபடி அலமாரி. ஒரு பிழை இருக்காது. லாரி ஒருமுறை ஆங்கிலத்தில், "உங்கள் வீட்டில் அழுக்கு எப்போது முடியும்?" என்று கேட்டே விட்டான். நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன். என் பெண்ணிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அவளை மலை மேல் இருக்கிற விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. என் அக்கா மகன் அங்கேதான் படிக்கிறான். போன வருஷம் சேர்ந்தான். போன விடுமுறைக்கு வந்தவன் என்னைப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி" என்றான். சித்தி, சித்தி என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்த பயல்! எனக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, என் பெண்ணும் இப்படிப் பேச வேண்டும் போலவும் இருந்தது. அக்கா வேறு வாரம் தவறாமல் ஃபோன் செய்து, "அவன் தூக்கத்துலகூட இங்கிலீஷ்லதான் உளர்றானாம்டி" என்பாள். இங்கிலீஷ் டீச்சர் நானா, அவளா? வயிறு எரியுமா எரியாதா?

அந்தப் பள்ளிக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. மாதக்கணக்கில் பாப்பாவை உட்கார வைத்துத் தயார் செய்தேன். அவள் அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிற மனுஷர், வீட்டில் சத்தமே வராது. ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே. 'ம்'னா."

"எந்த 'ம்'?"

"'ம்'ல என்னங்க நூறு வகை? 'ம்'னா 'ம்'தான்!"

"அவ 'ம்'ல இருக்கு. நல்லாக் கேளு" என்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். எனக்கு எங்கே நேரம்?

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. நானே கூட்டிக்கொண்டு போனேன். வெளியில் மரத்தடியில் மற்ற அம்மாக்களோடு காத்திருந்தேன். வந்தாள். "எப்படி எழுதின?" "ம்." "எல்லாம் தெரிஞ்சுதா?" "ம், தெரிஞ்சுது." அது போதாதா எனக்கு? வழியிலேயே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கிவந்து கூடத்தில் நிறுத்தினேன். ஆசிரியர் அறையில் சொன்னேன். அக்காவிடம் சொன்னேன். தெருவில் விசாரிக்காதவர்களிடமும் சொன்னேன். சூட்கேஸ் வருகிறவர் போகிறவர் காலிலெல்லாம் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. தலைமையாசிரியர் முன்னறிவிப்பில்லாமல் வந்து, கடைசி பெஞ்சில் லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு வெளிறிப்போனது. அந்த வாரம் என்னென்ன செய்திகள் வரிசையில் நிற்கின்றன என்று அவர்கள் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஜெராக்ஸ் கையை உயர்த்தியிருந்தான். அவனைக் கூப்பிட்டால் அவன் உண்மையைச் சொல்லித் தொலைப்பான். லாரியை நினைக்கவே வேண்டாம். தலைமையாசிரியர் மெச்ச வேண்டும், பீரியடு தப்ப வேண்டும். பிழையில்லாமல், வம்பில்லாமல் பேசுகிற ஆள் ஒருத்திதான். அலமாரியைச் சுத்தம் செய்தோம் என்பாள், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"நீ வா" என்று பாப்பாவைக் கூப்பிட்டேன்.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். ஒருமுறை கரும்பலகையைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை நான் மலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். எல்லாக் கேள்விக்கும் எனக்கு விடை தெரியும். என் பெயரை மட்டும் எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்."

உஷ் என்ற சத்தம்கூட வரவில்லை. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். யார் மகள், யாருடைய ஆசை என்று நாற்பது பிள்ளைகளுக்கும் தெரியும். நானேதான் ஊர் பூராவும் சொல்லியிருந்தேனே!

லாரிக்கு மட்டும் பொறுக்கவில்லை. தலைமையாசிரியர் பக்கத்தில் இருப்பதையும் மறந்து, "அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து என்ன செய்தாய்?" என்று கேட்டான்.

"சன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணியில் நின்று சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிப்பதற்குள் முழுச் சுவரையும் முடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீல் எழுந்தாள். "ஏன் எழுதவில்லை?"

"எனக்குப் போக விருப்பம் இல்லை."

இனி என் முறை. கடைசிக் கேள்வி. ஒன்றே ஒன்று. உள்ளே ஆயிரம் கேள்வி முட்டி மோதியது. மரத்தடியில் கால் கடுக்க நின்றேனே, அது உனக்குக் கண்ணில் படவில்லையா? ஐஸ்கிரீமை எப்படி நக்கித் தின்றாய்? சூட்கேஸை வாங்கும்போது கலர் கேட்டேனே, நீலம் என்றாயே, எந்த வாயால் சொன்னாய்? எல்லாவற்றையும் விழுங்கினேன். ஆங்கிலத்தில், எனக்கே அந்நியமாக ஒலித்த குரலில் கேட்டேன்.

"இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை?"

அவள் யோசிக்கவே இல்லை. "வீட்டில் இந்த விதி கிடையாது, மிஸ்."

படபடவென்று கைதட்டல். யார் என்று பார்த்தால் தலைமையாசிரியர். முகமெல்லாம் பல். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை என்பது அந்த முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. "அடடா, அடடா! என்ன சரளம்! தண்ணி பட்ட பாடு! டீச்சர், எழுதி வெச்சுக்குங்க, மலை ஸ்கூல் பரீட்சையில உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்!" என்றார்.

வக்கீல் டெஸ்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டாள். லாரி வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டான். பீரியடு என்னிடமே இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் அங்கேயே அறிவித்துவிட்டுப் போனார். அப்படியாக வெள்ளிக்கிழமை தப்பியது. என் மானம்தான் போயிற்று.

மணி அடித்தது. கேட்டில் வக்கீல் எனக்காகவே காத்திருந்தாள்.

"மிஸ், கோச்சுக்காதீங்க. வெளியில அதப் பத்திக் கேக்கக் கூடாது. ரூல்."

"தெரியும்டி!"

"திட்டவும் கூடாது மிஸ்."

"வீட்டுக்குப் போ!"

பாப்பா பக்கத்தில் நடந்துவந்தாள். அவளைத் திட்டக் கூடாது, சரி. மற்றவர்களைத் திட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே? மணி அடிக்காமல் வந்த சைக்கிள்காரனைத் திட்டினேன். நடைபாதையில் மணல் கொட்டியிருந்தவனைத் திட்டினேன். எங்கள் தெருமுனை நாயையும் விடவில்லை, அது எழுந்து வேறு இடம் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் திறக்க மறுத்தது, அதற்கும் கிடைத்தது. உள்ளே போனதும் சூட்கேஸ் என் கால் கட்டை விரலை இடித்தது. அதை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

அவள் அப்பா அன்று சீக்கிரம் வந்திருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் சூட்கேஸைத் தூக்கி உள் அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"என்ன பண்ணினான்னு தெரியாது. இஷ்டமில்லன்னு தெரியும். உன்கிட்ட சொன்னேனே."

"'நல்லாக் கேளு'ன்னு சொன்னா அதுக்குப் பேரு சொல்றதா? ஊமைச் சாடை! அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்னை..." திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனால் எனக்கு அழுகை வரும். சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டேன். என் பிள்ளைக்கு என்னிடம் ஒன்றைச் சொல்ல நாற்பது பேர் துணை தேவைப்பட்டிருக்கிறது. அதுதான் சுட்டது. தேர்வு போனால் போகட்டும், கழுதை. லாரி என்னிடம் மனசு விட்டுப் பேசுகிறான், ஜெராக்ஸ் பேசுகிறான், நான் பெற்றது அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பாப்பா, இங்க வா."

வந்து கதவருகிலேயே நின்றாள்.

"நான் திட்டப் போறதில்ல. சொல்லு."

"எவ்வளவு நேரத்துக்குத் திட்ட மாட்டே?"

"நீ சொல்லி முடிக்கிற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும்தான்டி!"

"இப்பவே கத்தற."

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். "கத்தல. சொல்லு."

"தமிழ்ல சொல்லலாமா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேசினாள். அம்மாடி, என்ன பேச்சு! பாப்பா என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை என்பதில் ஆரம்பித்தாள். இந்த வீடு, இந்தப் பள்ளி, மூன்றாவது பெஞ்சு எல்லாம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். நான் சூட்கேஸ் கலர் கேட்டபோது, போகிறாயா என்று கேட்டிருக்கலாம் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியம்மா வீட்டு அண்ணன் எங்கிட்டப் பேசுவாம்மா. ஞாயித்துக்கிழமை அப்பா கடை ஃபோனுக்குக் கூப்பிடுவான். பெரியம்மாகிட்ட இங்கிலீஷ்ல ஃபைன், ஃபைன்னு சொல்லிட்டு, உடனே எனக்குப் போட்டு தமிழ்ல அழுவான். அங்க ராத்திரி பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழறானாம், சத்தம் வெளிய கேக்காம இருக்க. 'நீயாவது வராத'ன்னு சொன்னான்."

ஹாய் ஆன்ட்டி என்றானே, அந்தப் பிள்ளையா? அவன் கன்னத்தில் ஒன்று வைக்க நினைத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவன் சொன்னான்னு நான் எழுதாம வரல. எனக்கே போக வேண்டாம். ஆனா இத நீ பெரியம்மாகிட்ட சொல்லிடாதம்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். உன்கிட்ட சொன்னதே தப்பு."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஃபோன் அடித்தது. அக்காதான். வேறு யார்? அவளுக்கு மூக்கு வியர்க்கும்.

"என்னடி, ரிசல்ட் வந்துச்சா?"

பாப்பாவுக்குக் காய்ச்சல், எழுத முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என நாக்கு நுனிவரை வந்தது. அக்காவிடம் தோற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. எதிரே என் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராதுக்கா. பேர மட்டும் எழுதிட்டு வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்துட்டா. வேணும்னேதான்."

"அடிப் பாவி! நாலு போடு போட்டியா இல்லையா?"

"இல்ல. போக இஷ்டமில்லன்னா. சரின்னுட்டேன்."

"யாரு, நீயா? சரின்னியா? உடம்பு கிடம்பு சரியில்லையாடி உனக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் பையன் எப்படி இருக்கான்க்கா?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். போன ஞாயித்துக்கிழமைகூடப் பேசினான். எப்படிடா இருக்கேன்னேன். 'ஃபைன் மம்மி'ன்னான்."

பாப்பா இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாக்கு என்றால் வாக்குதான். கணக்கு வாத்தியாரிடமே காப்பாற்றியவள் நான், அக்கா மட்டும் என்ன விதிவிலக்கு? ஆனால் அங்கே ஒரு பிள்ளை குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறது. மெல்ல, வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன்.

"அக்கா, ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வாயேன். மார்க் கேக்காத. புத்தி சொல்லாத. எப்படி இருக்கேன்னுகூடக் கேக்காத. சும்மா அவன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு."

"ஏண்டி? எதாவது தெரியுமா உனக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

என் அக்கா சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வாய் ஓயாதவள். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ ஹலோ என்றேன்.

"அவன் ஃபைன்னு சொல்றப்பல்லாம் மூக்கு அடைச்ச மாதிரியே இருக்கும்டி" என்றாள். அவள் குரலே அது இல்லை. "மலை ஊரு, குளிரு, சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். வாரா வாரம் சளின்னே நெனச்சுக்கிட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். பாப்பா எழுந்து வந்து ஃபோனில் என் காதோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, அழாத" என்றேன். "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு வந்து நில்லு. நானும் வரேன்."